இந்தக் கரைக்கு மட்டும் கிடைத்த அனுமதி

பரமக்குடிச் சந்தையில் கருவாடு விற்கும் பாம்பன்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தராசுத் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு, "வாத்தியார் சார், நீங்க எங்க ஊரு பள்ளிக்கூடத்துல இருந்தவுகதான? புக்கிங் கிளார்க் அருளப்பன் சாரு தவறிட்டாக. போன வாரமே அடக்கம் ஆயிருச்சு" என்றார். நெஞ்சு வலி என்று படுத்தாராம், காலையில் எழவில்லையாம். வாங்கிய கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. பதற்றம்தான் வந்தது. நாடகம் தொடங்கப் போகிறது, முக்கியமான ஆளைக் காணோம் என்றால் வருமே, அந்தப் பதற்றம். பிறகு, இந்த மனிதர் மேலே போவதற்கும் முறைப்படி விண்ணப்பம் போட்டு, பதில் வரும்வரை காத்திருந்துதான் போயிருப்பார் என்று ஓர் எண்ணம் வந்தது. அதற்கப்புறம்தான் அழுதேன்.

அவரோடு பழகிய தென்கடல் நாடக மன்றத்து நண்பர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாம்பன் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் எழுத்தர். மெலிந்த உடம்பு, தோளில் நிற்காத கறுப்புக் கோட்டு. சிவகங்கைப் பக்கத்து உள்நாட்டுக் கிறிஸ்தவர். கடல் தண்ணீரில் கால் நனைக்கவே யோசிப்பார். வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை வந்தபிறகு திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார். இப்படிப்பட்டவர் எங்கள் மன்றத்துக்குச் செயலாளர். நடிப்பவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிற ஆட்கள். நானும் கடலாடிக்கு உள்ளே, கடல் இல்லாத ஊரிலிருந்து வேலைக்கு வந்த பள்ளிக்கூட வாத்தியார். தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. அருளப்பன் சாருக்கு நடிப்பு வராது. மேடை ஏறச் சொன்னால் உள்ளங்கை வேர்த்துவிடும். பயப்படுவதுதான் அவர் மன்றத்துக்குச் செய்த வேலை. எங்கள் எல்லாருக்கும் சேர்த்து அவர் ஒருவரே பயந்தார்.

அந்தக் காலத்தில் அமெச்சூர் மன்றங்கள் நாடகம் போட்ட விதம் உங்களுக்குத் தெரியும். மதுரைக்குப் போனவர்கள் யாராவது கடைத்தெருவில் ஒரு நாடகப் புத்தகம் வாங்கி வருவார்கள். பாடத்தைப் பிரித்து எழுதி, ஆளுக்கு ஒரு பங்காகக் கொடுத்து, ஒத்திகை தொடங்கிவிடும். முதல் பக்கத்தில் 'சர்வ உரிமையும் ஆசிரியருக்கே, அனுமதியின்றி நடிக்கலாகாது' என்று அச்சடித்திருக்கும். பிள்ளையார் சுழியைத் தாண்டிப் போவதுபோல அதைத் தாண்டிப் போவோம். அந்த வரியைப் படித்துவிட்டு முகம் வெளுத்த முதல் மனிதர் அருளப்பன் சார்தான். நான் வந்த புதிதில், பாதி ஒத்திகையை அப்படியே நிறுத்தினார். கதாநாயகனாக நடிக்கும் சேசடிமைக்குக் கோபம். "ஏன் சார், காசு குடுத்துத்தான வாங்கியிருக்கோம்? திருடிட்டா வந்தோம்?" என்றான். "புஸ்தகத்தைத்தான் வாங்குனோம், சேசு. ரயில்வே கால அட்டவணைய வாங்கிட்டா வண்டியில ஏறிரலாமா? டிக்கெட்டு வேணாமா?" என்றார் சார். அந்த ஆசிரியரிடமிருந்து பதில் வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. பதில் வந்தது, அவருக்கே ஆச்சரியமாம், இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

கேட்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் கையில் ஓர் உதாரணம் வைத்திருந்தார். ராமநாதபுரத்தில் வக்கீல் பசுபதி என்று ஒருவர் இருந்தார். கோர்ட்டு வேலைக்கு நடுவே நாடகமும் எழுதுவார், நன்றாகவே எழுதுவார். அவருடைய நாடகம் ஒன்றைப் பரமக்குடி நெசவுக்கார இளைஞர்கள் கேட்காமல் போட்டுவிட்டார்கள். வக்கீல் டிக்கெட் வாங்கி முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பாதியில் எழுந்து, "இது என் நாடகம். யாரைக் கேட்டு நடத்துகிறீர்கள்?" என்றாராம். அவ்வளவுதான், திரை விழுந்துவிட்டது. ரயில் கார்டு ஒருவர் இதைச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து எங்கள் சாருக்குச் சோறு இறங்கவில்லை. "டிக்கெட் இல்லாம ஏறுனாலும் வண்டி போகத்தான் செய்யும், வாத்தியாரே. ஆனா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நெஞ்சு அடிச்சுக்கிரும்" என்றார். அவருக்கு டிக்கெட் வாங்கினாலும் அடித்துக்கொள்ளும் என்பதை நான் சொல்லவில்லை.

விதி எப்படி வந்தது பாருங்கள். அடுத்த திருவிழாவுக்கு நாங்கள் எடுத்த நாடகம் அதே வக்கீல் எழுதிய 'பவளாயி சபதம்'. நானும் சாரும்தான் புத்தகத்தை முழுசாகப் படித்தோம், படித்துவிட்டு இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். முத்தையா என்னும் கடல்காரன், அவன் மனைவி பவளாயி. புருஷன் போனபிறகு அவள் ஒற்றை ஆளாக நின்று, வலைக்காரர்களை ஏய்க்கும் முதலாளியை வெல்கிறாள். கடல்காரக் கதை, பொம்பளை ஜெயிக்கிற கதை என்று சொன்னதும் மன்றத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. முந்திய கார்த்திகையில் காற்றில் மாட்டிக்கொண்ட வள்ளங்கள் எல்லாம் பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நேர்ச்சையாக இந்த நாடகம். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகை தொடங்கும் நாளில், மாதா கோயிலில் நாடகத்தின் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ஏற்றிவிட்டால் அது மாதாவுக்குச் சொன்ன சொல். வேறு நாடகத்துக்கு மாறக் கூடாது. 'பவளாயி சபதம்' என்று சொல்லி ஏற்றினோம்.

சார் வக்கீலுக்கு அனுமதி கேட்டு எழுதினார். பரமக்குடிக் கதை மனசில் கிடந்து உறுத்தியதால், அந்த மனிதர் கேட்காததையும் தாமே எழுதிவிட்டார்: தங்கள் நாடகத்தில் ஒரு வரியும் மாற்றமாட்டோம் என்று மாதாமேல் ஆணையாக உறுதி கூறுகிறோம். "கேட்காத சத்தியத்த ஏன் சார் செய்யணும்?" என்று கேட்டேன். "கேட்டதுக்கப்புறம் செஞ்சா பயந்து செஞ்சதா ஆயிரும்ல?" என்றார். பதில் சுருக்கமாக வந்தது. அனுமதித்தேன், தாங்களே ஒப்புக்கொண்டபடி வரி மாறலாகாது, நானும் நேரில் வந்து பார்ப்பேன். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்தார்; அவர் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் ஒன்று அன்று. போலீஸ் பர்மிட்டும் வந்து சேர்ந்தது.

மூன்றாம் அங்கத்து ஒத்திகையில் வெடித்தது. தன் பங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த சேசடிமை, "சார், ரெண்டாம் அங்கத்துக் கடைசியில நான் கடலுக்குப் போறேன். எப்பத் திரும்பி வாரேன்?" என்று கேட்டான்.

"நீ வரமாட்ட, சேசு. வள்ளத்துப் பலகை மட்டும்தான் கரை ஒதுங்கும். அதப் பாத்துத்தான் பவளாயி தாலியக் கழத்துறா."

பவளாயியாக நடிக்கும் இன்னாசி, கையிலிருந்த தாளைப் பாம்பைப் போடுவதுபோலக் கீழே போட்டான். அவனும் கடலுக்குப் போகிறவன்தான். "தாலியக் கழத்துறதா? நானா? எம் பொண்டாட்டி இங்கன உக்காந்து பாப்பா சார்!" என்றான். அப்போதுதான் எங்கள் இரண்டு உள்நாட்டு அறிவாளிகளுக்கும் விஷயம் விளங்கியது. அந்தக் கரையில் எத்தனையோ நாடகம் நடந்திருக்கிறது. அதில் வேதசாட்சிகளின் தலை உருண்டிருக்கிறது, ராஜாக்கள் விஷம் குடித்திருக்கிறார்கள். ஆனால் மேடையில் கடலுக்குப் போனவன் திரை விழுவதற்குள் திரும்பி வந்துவிட வேண்டும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை, சொல்லிக் கொடுத்ததும் இல்லை. வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். சேசடிமை கடல் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே பயந்து வைக்கிற எங்கள் அருளப்பன் சார், இந்த ஒன்றுக்கு மட்டும் பயப்பட மறந்துவிட்டார்.

அன்று தொடங்கியது நெருக்கடி. வேறு நாடகம் போட முடியாது, மெழுகுவர்த்தி ஏற்றியாகிவிட்டது. முடிவை மாற்ற முடியாது, ஆணை இட்டாகிவிட்டது. அப்படியே நடிக்கவும் முடியாது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூன்றாம் அங்கம் வரும் நேரத்தில் பங்குச் சாமியார் வீட்டில் வக்கீலுக்கு நண்டும் இறாலுமாக விருந்து வைத்து, எழுந்திருக்க முடியாமல் பண்ணிவிடலாம் என்றான் இன்னாசி. "மனுசன் கை கழுவிட்டு வாரதுக்குள்ள நான் கரைக்கு வந்துருவேன் சார்" என்றான் சேசடிமை. எல்லாரும் சிரித்தோம். சார் சிரிக்கவில்லை. "எழுதுனவர உக்கார வச்சுச் சோறு போட்டுட்டு, அந்தப் பக்கம் அவரு பிள்ளைக்கு மொட்டையடிக்கிறதா? வேணாம். நேர்ல போயிக் கேப்போம். கேட்டா என்ன, குறைஞ்சா போயிருவோம்?" என்றார். சொன்ன கையோடு, "குறைஞ்சாலும் குறைஞ்சிருவோம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

நானும் அவரும் ராமநாதபுரத்துக்கு ரயில் ஏறினோம். ஓசியில் போக அவருக்குப் பாஸ் உண்டு. ஆனாலும் மண்டபம் தாண்டுவதற்குள் பையைத் திறந்து திறந்து பாஸ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். வக்கீலைக் கோர்ட்டு வராந்தாவில் பிடித்தோம். நெற்றியில் விபூதி, கையில் கேஸ் கட்டு, பேச்சில் ஒரு நிதானம். நாங்கள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு சொன்னார்: "பரமக்குடிப் பையன்கள் கேட்காமல் போட்டதற்காக நான் எழுந்திருக்கவில்லை. புருஷனை இழந்த இதே பவளாயியை மூன்றாம் அங்கத்தில் பூங்காவில் நிறுத்தி, ஒரு கோமாளியோடு டூயட் பாட வைத்தார்கள். அதற்காகத்தான் எழுந்தேன். அவளை எழுதும்போது நான் எத்தனை நாள் தூங்கவில்லை தெரியுமா? முத்தையா சாகிற அந்த இடத்துக்காகத்தான் முன்னால் இருக்கிற இரண்டு அங்கத்தையுமே எழுதினேன். அவன் திரும்பி வந்துவிட்டால் பவளாயி எதற்கு? சபதம் எதற்கு? அதுவும் நீங்கள், நான் கேட்காமலே ஆணையிட்டுக் கொடுத்தவர்." கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்களும் கோபப்பட்டு வந்திருக்கலாம். திரும்பி வரும்போது பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தது. சார் கீழே கடலைப் பார்க்காமல் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். "அவரு சொல்றதும் நியாயம்தான், வாத்தியாரே. இவுக சொல்றதும் நியாயம்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அந்த நாட்களில் ஒரு நாள், மதுரைக்குக் கேட்டவருக்கு மண்டபம் டிக்கெட் கொடுத்துவிட்டார் சார். அவருடைய ஊழியத்தில் அப்படி நடந்ததே இல்லை. வீட்டில் அவர் மனைவி செசீலி அக்கா, தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னார்கள். கொடியேறி, திருவிழாவும் தொடங்கிவிட்டது. நாடகத்துக்கு முந்திய நாள் காற்று திசை மாறி அடித்தது. விடியலில் வர வேண்டிய வள்ளங்களில் சேசடிமையின் வள்ளம் மட்டும் வரவில்லை. அவன் மனைவி ரோசம்மா இடுப்பில் பிள்ளையோடு கரையில் நின்றாள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒத்திகைக்கு வருகிற ஆட்கள் எங்கள் பக்கம் திரும்பாமல் நின்றதை நான் கவனித்தேன். டூட்டிக் கோட்டோடு ஓடி வந்த சார், அந்தப் பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி, மணலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. உச்சிப் பொழுதுக்கு வள்ளம் வந்தது. பாய் கிழிந்துவிட்டது, துடுப்புப் போட்டு வந்தோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு இறங்கினான் சேசடிமை. சார் அவன் கையைப் பிடித்து ஒரு முறை குலுக்கினார், ஏதோ அன்றைக்குத்தான் அறிமுகமானதுபோல.

அன்று சாயங்காலம் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்: "ரெண்டு அங்கத்தையும் எழுத்து பிசகாம நடிங்க. அதோட நிறுத்திருவோம். நடிக்கத்தான் அனுமதி வாங்கினோம். நடிக்காம இருக்கிறதுக்கு யார்ட்டயும் அனுமதி வாங்க வேண்டாம்ல?" பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேண்டாம்தான, வாத்தியாரே?" என்று கேட்டார். ரெண்டாம் அங்க முடிவில் முத்தையா கடலில் அல்லவா இருப்பான், அப்புறம் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்புறம் எனக்குத் தெரியாது. நான் மேல ஏறி விஷயத்தச் சொல்லிருவேன். அதுவரைக்கும்தான் யோசிச்சு வச்சிருக்கேன்" என்றார். உள்ளங்கை வேர்க்கிற மனிதர் மேடையேறப் போகிறேன் என்கிறார். அதைக் கேட்டு எனக்கு வேர்த்தது.

கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து, விளக்கு வைத்த கையோடு நாடகம் தொடங்கியது. முன் வரிசையில் பங்குச் சாமியாருக்குப் பக்கத்து நாற்காலியில் வக்கீல் உட்கார்ந்தார். மடியில் புத்தகம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே வசனம் கேட்கிறார். தட்டிக்குப் பின்னால் என் கையிலும் அதே புத்தகம். அவர் பக்கம் திருப்பும்போது நானும் திருப்புவேன். இன்னாசி ஓர் இடத்தில் 'ஆனால்' என்பதை விழுங்கிவிட்டான். வக்கீலின் விரல் நின்றது. என் மூச்சும் நின்றது. விரல் மறுபடி நகர்ந்த பிறகுதான் விட்டேன். ரெண்டாம் அங்க முடிவு வந்தது. பவளாயி தண்ணீர்க் கலயத்தோடு நிற்க, முத்தையா துடுப்பைத் தோளில் போட்டு, வாரேன் என்று சொல்லிவிட்டுத் தட்டிக்குப் பின்னால் மறைந்தான். திரைக்கயிற்றைத் தன் கையில் பிடித்திருந்த அருளப்பன் சார், கயிற்றை விடாமல், அது எட்டுகிற மட்டும் மேடைக்குள் வந்தார். கால் சட்டை படபடவென்று ஆடியது எனக்குத் தெரிந்தது, முன் வரிசைக்கும் தெரிந்திருக்கும்.

"பெரியோர்களே, வக்கீல் அய்யா... இது அய்யா எழுதுன நாடகம். இதுவரைக்கும் ஒரு வார்த்தை மாத்தல. இதுக்கு மேல இருக்கிறத மாத்த எங்களுக்கு உரிமை இல்ல. அப்படியே நடிக்க எங்களுக்குத் தெம்பும் இல்ல. அதனால நிறுத்திக்கிறோம். இது தப்புன்னா என்னையக் கேளுங்க. இவுக எல்லாம் பிள்ளகுட்டிக்காரவுக."

தனக்கும் மூன்று பெண் பிள்ளைகள் உண்டு என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. வக்கீல் எழுந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "சரி, திரையை விடுங்கள்" என்றார்.

"அது மட்டும் முடியாதுங்க அய்யா. ஆளு கடல்ல இருக்காரு" என்றார் சார். அழுகிற குரல்.

கூட்டத்தில் ஒருவரும் எழுந்து போகவில்லை. அத்தனை பெண்களும் மேடையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவிலிருந்து ரோசம்மா எழுந்தாள். "அய்யா, இத எழுதுனது நீங்கதானா?" என்று கேட்டாள்.

"நான்தானம்மா."

"எம் புருசன எப்பக் கரைக்கு அனுப்புவீக?"

வக்கீலுக்கு ஒரு கணம் புரியவில்லை. "இது நாடகம் அம்மா. உன் புருஷன் அந்தத் தட்டிக்குப் பின்னால்தானே நிற்கிறார்?" என்றார்.

"அது எனக்குந் தெரியும் அய்யா. பின்ன, வரச் சொல்லுறதுக்கு ஒங்களுக்கு என்ன?"

எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்த மனிதர். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் எங்கள் சாரைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார். அவர் திட்டிவிட்டுப் போய்விடுவார் என்றே நான் நினைத்தேன். புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு மேடையருகே வந்தார். "முத்தையா! போதும். கரைக்கு வாப்பா" என்றார்.

சேசடிமை வந்தான். வசனம் இல்லை, நான் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. துடுப்பைச் சாத்திவிட்டு, இன்னாசி கையிலிருந்த கலயத்தை வாங்கி, தண்ணீரை மடமடவென்று குடித்தான். கூட்டம் முழுவதும் ஒரே பெருமூச்சு. "மாதாவே!" என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் சார் கயிற்றை விட்டார், திரை விழுந்தது. அவரும் அதன் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே வந்த வக்கீல், முகத்தை முறைப்பாகவே வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கரைக்கு மட்டும்தான். மதுரையில் போட்டாலும் பரமக்குடியில் போட்டாலும் அவன் செத்துத்தான் ஆக வேண்டும். புரிந்ததா?" வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்திருந்த எங்கள் செயலாளர் நிமிர்ந்து பார்த்து, "அத எழுதிக் குடுத்துருவீகளா அய்யா?" என்று கேட்டார். வக்கீல் வெடித்துச் சிரித்துவிட்டார். எழுதியும் கொடுத்தார்.

அதன் பிறகு 'பவளாயி சபதம்' எங்கள் கரையில் பல திருவிழாக்களுக்கு நடந்தது. ஒவ்வொரு தடவையும் சார் ராமநாதபுரத்துக்குப் போய்ப் புதிதாக அனுமதி கேட்டார். "அதான் எழுதிக் குடுத்துட்டாரே சார்" என்போம். "போன வருசத்து டிக்கெட்டுல இந்த வருசம் ஏற முடியுமா?" என்பார். வக்கீலும் முதலில் எரிச்சல்பட்டு, பிறகு பழகி, கடைசிக் காலத்தில் சாருக்காகவே காத்திருந்தார் என்று கேள்வி. புதிய பதிப்புரிமைச் சட்டம் வந்தபிறகு, தொண்டியிலிருந்தும் கடலாடியிலிருந்தும் மன்றத்துக்காரர்கள் டிக்கெட் ஜன்னலுக்கு வந்து, எப்படி அனுமதி கேட்பது என்று இவரிடம் விசாரித்துப் போனார்கள். எல்லாருக்கும் ஒரே புத்திமதி: "கேளுங்க. ஆனா அவுக கேக்காத சத்தியத்த நீங்களா செஞ்சுராதீக."

செய்தி கேட்ட வாரக் கடைசியில் பாம்பனுக்குப் போனேன். செசீலி அக்காவைப் பார்த்துத் துக்கம் கேட்டேன். சாரைப் பற்றி நான் எழுதலாமா என்று கேட்கத்தான் முக்கியமாகப் போனேன். அவரைப் பற்றிக் கேட்காமல் எழுத எனக்குக் கை வரவில்லை. கோயிலில் நடந்த இரங்கல் கூட்டத்தில், அருளப்பன் சார் வக்கீலுக்கு முன்னால் சிங்கம் மாதிரி நின்றார், இடி மாதிரி முழங்கினார் என்றெல்லாம் பேசியிருக்கிறார்கள். அக்கா அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அவுக பேசப் பேச, யாரு வீட்டுச் சாவுக்கோ வந்து உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு தம்பி. சிங்கத்தோடயா நான் குடும்பம் நடத்துனேன்? அன்னைக்கு வீட்டுக்கு வந்து விடிய விடியக் கை நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. நாந்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எழுதுங்க. ஆனா அவர மாத்திராதீக."

அந்த அனுமதியின்பேரில்தான் இதை எழுதினேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த நடுக்கத்தைத்தான். எதையும் மாற்றவில்லை, அக்கா.